கீழ் போர்ஷன் காலியாயிடுச்சு, பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

கேள்வி: தம்பி, தாம்பரம் பக்கம் சேலையூர்ல எங்க சொந்த வீடு, மேல நாங்க, கீழ ரெண்டு பெட்ரூம் போர்ஷன் வாடகைக்கு. ஏழு வருஷமா இருந்த குடும்பம் ஆனி கடைசியில காலி பண்ணிட்டாங்க. வீடு கட்டி 24 வருஷம், மொசைக் தரை, போர் தண்ணி உப்பு. ஹால் சுவத்துல கீழ ரெண்டடிக்கு பெயிண்ட் உரிஞ்சு வெள்ளையா பொடி கொட்டுது, பின் பெட்ரூம் சீலிங்ல ஒரு மஞ்சக் கறை இருக்கு. பெயிண்ட் அடிச்சு உடனே டு-லெட் போர்டு மாட்டிடலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றார், மாடுலர் கிச்சன் போட்டா வாடகையில 3000 ரூபா ஏத்தலாம்னு என் தம்பி சொல்றான். கையில 80,000 இருக்கு. எதுல ஆரம்பிக்கறது? பழையவங்க அட்வான்ஸ்ல பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகை பிடிக்கலாமா? இந்த செலவு பில்லெல்லாம் வருமான வரியில கழிக்க முடியுமா?

பதில்: வணக்கம்மா. வாடகை வீடுங்களை பராமரிக்கறது தான் என் பொழப்பு, குடித்தனக்காரங்க கிட்டேருந்து எனக்கு வர்ற போன்ல சுவர் கலர் பிடிக்கலன்னு ஒருத்தரும் கூப்பிட்டது இல்ல, பாத்ரூம்ல தண்ணி போக மாட்டேங்குது, கீசர் போட்டா ட்ரிப் ஆகுது, பீரோ பின்னாடி பூஞ்சை, இதுக்கு தான் கூப்பிடுவாங்க. அதனால உங்க 80,000ல முதல் ரூபா பெயிண்டருக்கும் போகக்கூடாது கார்பென்டருக்கும் போகக்கூடாது. வீட்டுக்காரர் கிட்டயும் தம்பி கிட்டயும் நான் சொன்னதா சொல்லிடுங்க, திட்டு எனக்கே விழட்டும்.

ஆளுங்களை கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள் நீங்களும் சாரும் கீழ இறங்கி குடித்தனம் பண்ணுங்க. சும்மா சுத்தி பார்க்கறதை சொல்லல, காலையில அங்கேயே பல் தேய்ச்சு, ரெண்டு பாத்ரூம்லயும் ஒரே நேரத்துல ஆளுக்கொரு பக்கம் குளிச்சு, கீசரை அரை மணி நேரம் ஓட விட்டு, சிங்க்ல பாத்திரம் கழுவி, மிக்ஸி போட்டு, மத்தியானம் பின் ரூம்ல ஃபேனை அஞ்சுல வச்சு படுத்து, ராத்திரி லைட் எல்லாம் அணைச்சிட்டு எந்த பைப் சொட்டுதுன்னு காது கொடுத்து கேளுங்க. கையில ஒரு நோட்டு வச்சுக்கிட்டு எல்லாத்தையும் எழுதுங்க, அன்னிக்கு எதையும் ரிப்பேர் பண்ண வேண்டாம். மேலயே இருக்கற ஓனர்ஸ் நிறைய பேருக்கு தன் வீட்டு கீழ் பாத்ரூம்ல ஷவர் எப்படி வருதுன்னே தெரியாது, ஏழு வருஷமா உள்ளயே போயிருக்க மாட்டாங்க, போனாலும் ஹால்ல உக்காந்து காபி குடிச்சிட்டு வந்திருப்பாங்க.

கதவை திறந்ததும் ஒரு சாக்கடை நாத்தம் வந்தா பயப்படாதீங்க. வீடு பூட்டியே கிடந்தா பாத்ரூம் தரையில தண்ணி வெளிய போற ஓட்டைக்குள்ள இருக்கற நானி ட்ராப்ல தேங்கி நிக்கற தண்ணி காஞ்சுடும், அந்த தண்ணி தான் மூடி மாதிரி வேலை பார்க்குது, அது காஞ்சா நாத்தமும் கரப்பானும் நேரா மேல வரும். ஒவ்வொரு ட்ராப்லயும் ரெண்டு மக் தண்ணி ஊத்தி மேல ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டுடுங்க, எண்ணெய் மிதந்துக்கிட்டு தண்ணியை சீக்கிரம் காய விடாது. வீடு பார்க்க வர்றவங்க அந்த முதல் நாத்தத்துலயே பாதி முடிவு பண்ணிடறாங்க, அப்புறம் நீங்க என்ன கலர் அடிச்சிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அடுத்தது ஃப்ளஷ் டேங்க். கொஞ்சம் கேசரி பவுடரை தண்ணியில கரைச்சு டேங்க்குள்ள ஊத்திட்டு ஃப்ளஷ் பண்ணாம இருபது நிமிஷம் விட்டுடுங்க, கோப்பையில ஆரஞ்சு கலர் இறங்கி இருந்தா உள்ள வாஷர் போச்சுன்னு அர்த்தம். சத்தமே இல்லாம நாள் முழுக்க தண்ணி போய்க்கிட்டே இருக்கும், உங்க மோட்டர் ஏன் அடிக்கடி போட வேண்டியிருக்குன்னு அப்ப தான் புரியும். உப்புத் தண்ணி வேறங்கறீங்க, அதனால டேப், ஷவர் எல்லாத்துலயும் வெள்ளையா கட்டி இருக்கும், அதுக்கு பிளம்பர் ஆசிட் ஊத்தறேன்னு சொன்னா விடாதீங்க, டேப்போட பாலிஷ் போயிடும், கீழ சிந்தினா மொசைக் தரையும் பொரிஞ்சு சொரசொரன்னு ஆயிடும், ஆசிட் பட்ட மொசைக்கை திரும்ப தேய்ச்சு பாலிஷ் போட்டா தான் சரியாகும், அது பெரிய செலவு. ஷவர் தலையை கழட்டி ராத்திரி முழுக்க வினிகர்ல இல்லன்னா சிட்ரிக் ஆசிட் பவுடர் கரைச்ச தண்ணியில ஊற வச்சா காலையில பழைய பிரஷ்ஷால தேய்ச்சாலே வந்துடும்.

இப்ப அந்த மஞ்சக் கறை. அந்த பின் பெட்ரூமுக்கு நேர் மேல உங்க வீட்டுல என்ன இருக்குன்னு நீங்க எழுதல, ஆனா 24 வருஷ வீட்டுல சீலிங்ல மஞ்சக் கறைன்னா முதல்ல மேல் பாத்ரூமை தான் சந்தேகப்படணும். ட்ராப் வாயை துணி வச்சு இறுக்கி அடைச்சு, தரையில ரெண்டு இஞ்சுக்கு தண்ணி கட்டி, வாசப்படியில துணி சுத்தி வச்சு ஒரு நாள் முழுக்க விடுங்க. தண்ணி மட்டம் எங்க நின்னுதுன்னு சுவர்ல பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. கீழ கறையை சுத்தியும் பென்சில்ல வளைச்சு கோடு போட்டுட்டு ஒரு போட்டோ எடுங்க. மறுநாள் கறை கோட்டை தாண்டி பரவியிருந்தா தரை வழியா இறங்குது, டைல்ஸ் இடுக்கை சுரண்டி எபாக்ஸி க்ரௌட் (தண்ணி புகாம இடுக்கை அடைக்கற கலவை) போட்டு பார்க்கலாம், ட்ராப்பை சுத்தி இருக்கற ஜாயின்ட்டையும் அடைக்கணும். பரவலன்னா அடைப்பை எடுத்துட்டு ரெண்டு பக்கெட் தண்ணியை வேகமா ஊத்தி பாருங்க, அப்ப ஈரமானா பைப் தான். கறை காய்ஞ்சே இருக்கு, மேல பாத்ரூமும் இல்லன்னா பழைய மழைக் கசிவா இருக்கலாம், அப்ப வெளி சுவர்ல வெடிப்பு இருக்கா, ஜன்னல் சன்ஷேடுல தண்ணி தேங்குதான்னு பாருங்க. இதெதுவும் பார்க்காம கறை மேல ரெண்டு கோட் அடிச்சா ஐப்பசி மழைக்கு திரும்ப வந்து நிக்கும், அப்ப கீழ புது ஆளுங்க இருப்பாங்க, அவங்க கட்டிலை நகத்தி பிளாஸ்டிக் விரிச்சு வேலை பார்க்கணும்.

ஹால் சுவத்து விஷயம் கொஞ்சம் கஷ்டமானது, நேராவே சொல்லிடறேன். கீழேருந்து ரெண்டடிக்கு உரிஞ்சு வெள்ளப் பொடி கொட்டறது மண்ணுல இருக்கற ஈரம் செங்கல் வழியா மேல ஏறி, தண்ணி காஞ்சு உப்பு மட்டும் சுவத்து மேல தங்கறது. அது மேல பட்டி வச்சு பெயிண்ட் அடிக்கறது காய்ச்சலுக்கு பவுடர் பூசற மாதிரி. முதல்ல வெளிய போய் அதே சுவத்தோட மறுபக்கத்தை பாருங்க. செடி வைக்கறோம்னு மண்ணை சுவத்தோட ஒட்டி கொட்டி வச்சிருக்கீங்களா, மொட்டை மாடி மழைத்தண்ணி பைப் அங்கேயே வந்து விழுதா, தெருவுல ரோடு மேல ரோடு போட்டு உங்க காம்பவுண்டு பள்ளமா போயிடுச்சா? சென்னை சுத்துவட்டாரத்துல பழைய தனி வீடுங்கள்ல இந்த மூணுல ஒண்ணாவது இருக்கும். மண்ணை ஒரு முழம் தள்ளி வெட்டி எடுத்து, பைப்பை நீட்டி தண்ணியை தூர விட்டாலே ஈரத்தோட வேகம் நல்லா குறையும், இதுக்கு ஆகற செலவு கம்மி.

அப்புறம் உள்பக்கம், உரிஞ்ச இடத்துக்கு ஒரு அடி மேல வரைக்கும் பூச்சை செங்கல் தெரியற வரைக்கும் கொத்தி எடுக்கணும். பொடியை கம்பி பிரஷ்ஷால உதறிட்டு, ஃபேன் போட்டு முடிஞ்ச வரைக்கும் காய விட்டு, வாட்டர்ப்ரூஃப் காம்பவுண்ட் கலந்த சிமெண்ட் பூச்சு பூசி, ஒரு வாரம் தண்ணி அடிச்சு, அதுக்கப்புறம் மூணு நாலு வாரமாவது சும்மா விடணும். இங்க தான் மேஸ்திரியும் பெயிண்டரும் அவசரப்படுவாங்க, பூச்சு வெளிய பார்க்க காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். அந்த பாகத்துக்கு மட்டும் பட்டி வேண்டாம், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிட்டவே வரக்கூடாது, ஈரம் வெளிய போக விடற மாதிரி சாதா பெயிண்டோ வெள்ளை சிமெண்ட்டோ போதும். யாராவது நாலடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைச்சிடலாம்னு ஐடியா கொடுப்பாங்க, ஒட்டினா ஈரம் டைல்ஸுக்கு மேல ஏறி அஞ்சாவது அடியில உரியும். இவ்வளவு செஞ்சாலும் அது அடியோட போகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா சில வருஷத்துக்கு தொல்லை இல்லாம இருக்கும், புதுசா வர்றவங்க கிட்டயும் இந்த சுவத்தை ஒட்டி பீரோ போடாதீங்க, நாலு விரல் இடம் விட்டு போடுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. மறைச்சு விட்டா ரெண்டாவது மாசமே தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் நம்ப மாட்டாங்க.

கரண்டை பத்தி சுருக்கமா. மெயின் போர்டுல ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற சுவிட்ச், இருக்கா பாருங்க, இருந்தா அதுல டெஸ்ட்னு குட்டியா ஒரு பட்டன் இருக்கும், அழுத்தினா டக்குனு விழணும், விழலன்னா மாத்துங்க. இல்லவே இல்லன்னா 30 மில்லி ஆம்பியர்ல ஒண்ணு கண்டிப்பா போடுங்க, கீசர்ல கை வச்சு ஷாக் அடிச்சா உயிரை காப்பாத்தறது அது தான். கூடவே எலக்ட்ரீஷியனை எர்த் சரியா இருக்கான்னு மீட்டர் வச்சு பார்க்க சொல்லுங்க, 24 வருஷத்துல எர்த் பிட்டுக்கு (எர்த் கம்பி புதைச்ச குழிக்கு) யாரும் தண்ணி கூட ஊத்தியிருக்க மாட்டாங்க. ஏசி பாயின்ட்டுக்கு தனி லைன் இழுத்துடுங்க, நீங்க கொடுக்கலன்னா அவங்க ஏதாவது ஒரு சாக்கெட்ல சொருகிடுவாங்க. மெதுவா சுத்தற ஃபேனுக்கு பெரும்பாலும் கன்டென்சர் மாத்தினா போதும், புது ஃபேன் வாங்கிடாதீங்க.

சம்ப், மேல் டேங்க் ரெண்டையும் கழுவிடுங்க, ஆளை இறக்கறதுக்கு முன்னாடி சம்ப் மூடியை ரெண்டு மூணு மணி நேரம் திறந்து வச்சு காத்தாட விடணும், மேல ஒருத்தர் நின்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். செப்டிக் டேங்க் இருந்தா லாரியை வரச்சொல்லி உறிஞ்ச சொல்லுங்க, அதுக்குள்ள மனுஷனை இறக்கறது 2013 சட்டப்படியே குத்தம், 500 ரூபா மிச்சம்னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. மெயின் டோர் பூட்டை மாத்துங்க, ஏழு வருஷத்துல அந்த சாவிக்கு எத்தனை காப்பி போட்டிருப்பாங்கன்னு யாருக்கு தெரியும்.

தம்பியோட மாடுலர் கிச்சன், வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறற தரைவீட்டுல பிளைவுட் கீழேருந்து ஊதும், கரையானுக்கும் கரப்பானுக்கும் நீங்களே ரூம் கட்டி கொடுத்த மாதிரி ஆயிடும், கீல் உடைஞ்சா உங்களா அவங்களான்னு சண்டை வேற. கிச்சனுக்குள்ள வர்ற பொம்பளைங்க என்ன பார்க்கறாங்கன்னு கவனிச்சா தெரியும், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மேடை மேல ரெண்டு சாக்கெட், ஃப்ரிட்ஜ் வைக்க ஒரு மூலையும் அதுக்கு பக்கத்துலயே பாயின்ட்டும், சிங்க் கிட்ட ஆர்ஓ மாட்ட ஒரு டேப், எக்ஸாஸ்ட் ஃபேன், வாஷிங் மெஷினுக்கு தண்ணி வர்ற லைனும் போற லைனும். மேடைக்கு கீழ கடப்பா கல்லுல ரெண்டு தட்டு அடிச்சிட்டா போதும், ஊதாது, அரிக்காது, துடைச்சா போச்சு. உப்புத் தண்ணி ஊர்ல அந்த ஆர்ஓ டேப் ஒண்ணே வாடகை பேசறப்போ உதவும். ஜன்னலுக்கெல்லாம் கொசு வலை, திரைச்சீலை கம்பி, ஹால்ல டிவி மாட்ட ஒரு பலகை, சாமி படம் வைக்க ஒரு ஷெல்ஃப், இதை நீங்களே போட்டு வச்சிடுங்க, ஆணி அடிக்காதீங்கன்னு சட்டம் பேசறதை விட இது சுலபம்.

பணத்தை எப்படி பிரிக்கறதுன்னா, கசிவுக்கும் ஹால் சுவத்துக்கும் சேர்த்து ஒரு 30,000 ஒதுக்குங்க, எலக்ட்ரிக், பிளம்பிங்குக்கு 20,000, டேங்க், பூச்சி மருந்து, பூட்டு, கடப்பா கல், வலை இதுக்கெல்லாம் 10,000. மிச்சம் 20,000ல பெயிண்ட். அதுல முழு வீட்டுக்கும் பட்டி வச்சு எமல்ஷன் அடிக்க முடியாது, அவசியமும் இல்ல, ஓட்டையை அடைச்சு சுவத்துக்கு ஒரே லைட் கலர்ல ரெண்டு கோட், கதவு ஜன்னலுக்கு எனாமல் டச்-அப். கலர் நம்பரை எழுதி வச்சுக்கோங்க, அடுத்த தடவை ஒரு சுவத்துக்கு மட்டும் அடிக்கலாம்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வரேன். ஒரு மாச வாடகை பெயிண்டிங்குக்கு பிடிக்கறது நம்ம ஊர் பழக்கம் தான், ஆனா 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகை சட்டத்துல எந்த வேலை யார் பொறுப்புன்னு ஒரு பட்டியலே இருக்கு. வெள்ளை அடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், பைப் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர் தலையில, டேப் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், ஜன்னல் கண்ணாடி, கொசு வலை மாத்தறது இதெல்லாம் குடியிருக்கறவங்க தலையில, அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதியிருந்தா தவிர. அதனால உங்க பழைய அக்ரிமென்ட்டை எடுத்து பாருங்க, பெயிண்டிங் பிடித்தம்னு வரி இருந்தா பிடிங்க, இல்லன்னா பிடிக்காதீங்க. ஏழு வருஷத்துல பெயிண்ட் மங்கறது சாதாரண தேய்மானம், அவங்க உடைச்ச வாஷ்பேசினுக்கு கேளுங்க, அது நியாயம். காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள மிச்சத்தை திருப்பி கொடுத்துடணும்னும் சட்டத்துல இருக்கு, புது ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தா தான் பழைய ஆளுக்கு தருவேன்ங்கறது பல ஓனர்ங்க பண்றது, அது தப்பு.

புதுசா வர்றவங்களுக்கு அதே சட்டம் மூணு மாச வாடகையை தான் டெபாசிட்டுக்கு அளவா வச்சிருக்கு, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டு எழுதினா எழுதலாம். பத்து மாசம் கேட்டா நல்ல ஆளுங்க போய்டுவாங்கங்கறது என் அபிப்பிராயம். அக்ரிமென்ட் எழுத்துல இருக்கணும், பதினொரு மாசம்னாலும் வாடகை அதிகாரி கிட்ட பதிவு பண்ணணும், அதுக்கு அரசாங்க ஆன்லைன் போர்ட்டல் இருக்கு. நீங்க மேலயே இருக்கறதால இதையும் எழுதுங்க: மோட்டர் கரண்ட் யார் எவ்வளவு, தண்ணி லாரி வந்தா பங்கு எப்படி, செப்டிக் லாரிக்கு யார், வண்டி எங்க நிக்கும். மோட்டர் சுவிட்ச் உங்க கையில இருக்குன்னு வாடகை பாக்கிக்காக தண்ணியை நிறுத்தற வேலை மட்டும் வேண்டாம், சட்டத்துல அதுக்கு இடமே இல்ல. உள்ள போய் எதையாவது பார்க்கணும்னா 24 மணி நேரம் முன்னாடி வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுட்டு போங்க.

வருமான வரி: பில்லை காட்டி கழிக்க முடியாதும்மா. வாடகை வருமானத்துல நீங்க கட்டின சொத்து வரியை கழிச்சிட்டு, மிச்சத்துல 30 சதவீதத்தை அவங்களே பராமரிப்புன்னு கழிச்சிடறாங்க, நீங்க ஒரு ரூபா செலவு பண்ணலன்னாலும் அது உண்டு, லட்ச ரூபா பண்ணாலும் அதுக்கு மேல கிடையாது. பில்லை வாரண்டிக்காக வச்சுக்கோங்க.

உங்க நேரம் நல்லா இருக்கு, ஆனி கடைசியில காலியாயிருக்கு, ஆடியில நம்ம ஊர்ல யாரும் பால் காய்ச்ச மாட்டாங்க, ஆனா வீடு பார்ப்பாங்க, பிடிச்சா டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டு ஆவணில வருவாங்க. ஹால் சுவர் காயறதுக்கு அந்த ஒரு மாசம் நல்லா உதவும், அதனால கொத்தற வேலையை இந்த வாரமே ஆரம்பிச்சிடுங்க, மத்த இடத்துக்கு பெயிண்ட் ஆடி கடைசி வாரம், ஹால்ல புதுசா பூசின இடத்துக்கு மட்டும் அது காஞ்சப்புறம் ஆவணி ஆரம்பத்துல. டு-லெட் போர்டை ஆடி நடுவுல மாட்டினா போதும், வேலை நடக்கறப்போ பார்க்க வந்தா சுவத்தை கொத்தி வச்சிருக்கறதை காட்டுங்க, சரி பண்ற ஓனர்னு தெரிஞ்சா அவங்களுக்கும் தைரியம்.

சாவி கொடுக்கற அன்னிக்கு அவங்களையும் கூட வச்சுக்கிட்டு வாசல்லேருந்து கொல்லை வரைக்கும் மெதுவா ஒரு வீடியோ எடுங்க, ஈபி மீட்டர் ரீடிங், ஃபேன் எத்தனை, கீசர் எந்த கம்பெனி, மொசைக்ல ஏற்கனவே இருக்கற விரிசல் எல்லாம் வர்ற மாதிரி, எடுத்து அவங்களுக்கும் அனுப்பிடுங்க. ஈபி பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்றதால நடுவுல வர்றவங்க கிட்ட ரீடிங் போட்டோ இல்லன்னா முதல் பில்லுலயே மனஸ்தாபம் வரும், இலவச யூனிட் யாருக்குங்கறதுல கூட வரும், நான் பார்த்திருக்கேன்.

மேல் பாத்ரூம்ல தண்ணி கட்டி பார்த்துட்டு என்ன ஆச்சுன்னு எழுதுங்கம்மா, கறையோட போட்டோ ரெண்டும், தண்ணி கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, அப்புறம் ஒண்ணு, அதோட ட்ராப் மூடியை கழட்டி உள்ள தெரியற மாதிரி ஒண்ணு சேர்த்து அனுப்பினீங்கன்னா தரையை உடைக்கணுமா க்ரௌட் போட்டா போதுமான்னு பார்த்து சொல்றேன், அது வரைக்கும் எந்த பிளம்பருக்கும் அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.